கேள்வி பதில்: கடலோரம் போனால் மனசுக்கு என்ன ஆகிறது?

போன இதழில் தூக்கம் வராதவர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் "பக்கத்தில் கடல் இருந்தால் சாயங்காலம் ஒரு நடை போய்வந்து படுத்துப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல். சிலர் நன்றி சொல்லி, சிலர் சண்டை போட்டு. ஆகவே இந்த இதழில் வேறு விஷயமே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரும் இல்லை.

கே: கடற்கரைக்குப் போய்வந்தால் மனசு லேசாகிறது. என் நண்பனோ, "லீவு நாள்ல போற, வேலைவெட்டி இல்லாம உட்கார்ற, லேசாகத்தான் செய்யும், இதுல கடல் எங்க வந்துச்சு?" என்கிறான். யார் சொல்வது சரி?

ப: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் கடைசி நாளில் யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. விடுமுறை, நடை, வெளிச்சம், கூட வந்த ஆள் எல்லாம் சேர்ந்துதான் அந்த லேசு. ஆனால் அதையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது என்பதுதான் சுவாரசியம்.

இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி என்று ஒரு கேள்வி இருந்தது. எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதில்களை எடுத்து, ஏறத்தாழ 4.8 கோடிப் பேருடையது, அவர்கள் இருக்கும் இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு பொருத்திப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். கடலை நெருங்க நெருங்க "நன்றாக இருக்கிறேன்" என்றவர்களின் பங்கு கூடியது. அதுவும் வசதி குறைந்த பகுதிகளில்தான் வித்தியாசம் அதிகம். நண்பர் உடனே "நல்லா இருக்கிறவன்தானே கடலோரம் வீடு வாங்குவான்" என்பார். நியாயம்தான். அதனால் அதே குழு அடுத்த ஆண்டு வேறு மாதிரி பார்த்தது: ஒரே ஆளைப் பல வருடங்கள் தொடர்ந்த தரவை எடுத்து, அவர் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்த வருடங்களையும் தள்ளி இருந்த வருடங்களையும் ஒப்பிட்டது. பக்கத்தில் இருந்த வருடங்களில் மனநலம் சற்று மேல். சற்றுத்தான், அற்புதம் ஒன்றும் இல்லை.

சரி, கடல் அப்படி என்னதான் செய்கிறது? எனக்குப் பிடித்த விளக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் தம்பதியுடையது. 1980களில் அவர்கள் சொன்னது இது: நாம் முயற்சி செய்து ஒன்றில் கவனத்தை நிறுத்துகிறோமே, சாலையைக் கடப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது கணக்குப் போடுவது, அந்தக் கவனம் தசை மாதிரி களைத்துப்போகும். அது ஓய்வெடுக்க வேண்டுமென்றால் நம் முயற்சி இல்லாமலேயே கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒன்று எதிரில் வேண்டும், ஆனால் மனசை முழுக்க அபகரித்துக்கொள்ளவும் கூடாது. டிவி தொடர் அபகரித்துக்கொள்கிறது. வெறும் சுவர் பிடித்து வைப்பதில்லை. கடல் நடுவில் இருக்கிறது.

ஒரே ஒரு அலையைப் பாருங்கள். தூரத்தில் ஒரு மடிப்பு மாதிரி கிளம்பும், கரைக்கு வர வர முதுகு உயரும், உயர்ந்த இடத்தில் வெயில் ஊடுருவி ஒரு கணம் கண்ணாடிப் பச்சை தெரியும், ஒரு ஓரத்தில் மட்டும் உடையத் தொடங்கி அந்த உடைசல் வரிசையாக ஓடும், நுரை மணலில் ஏறி, இன்னும் கொஞ்சம் ஏறி, நின்று, குமிழிகள் வெடிக்கிற "ஸ்ஸ்" சத்தத்தோடு திரும்பும். திரும்பிய இடத்தில் ஈரமணல் சில விநாடிகள் வானத்தைக் காட்டிவிட்டு மங்கும். இவ்வளவும் முடிகிறவரை நீங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த அலை இதே மாதிரி இருக்கும், ஆனால் இதே அலையாக இருக்காது. கடல் உங்களிடம் எதையும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்கும் ஓய்வு. நாள் முழுக்க ஒரு முழத் தூரத்தில் திரையைப் பார்க்கிற கண்ணின் உள்தசை, தொலைவில் பார்க்கும்போதுதான் தளர்கிறது. முடிவே இல்லை என்று தோன்றுகிற அந்த அடிவானம், கரையில் நிற்கிற ஒருவருக்கு வெறும் நாலரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் இன்னும் கிட்டே வந்துவிடும், மூன்று சொச்சம். ஆனாலும் முடிவில்லாதது போலத்தானே இருக்கிறது!

அப்புறம் சத்தம். திடீரென்று எழும் ஒலிக்கு மூளை திடுக்கிடும், ஹாரன், பாத்திரம் விழுவது மாதிரி. அலையோசை ஏறி இறங்கும், திடுக்கென்று வெட்டாது, கூடவே மற்ற சத்தங்களையும் மூடிவிடும். பெரிய அலைகள் பத்து விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிற நாளில் மூச்சை அதோடு சேர்த்து விட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இதயத்துடிப்பை நிதானப்படுத்த மூச்சுப் பயிற்சிகளில் சொல்லித்தருகிற வேகமும் ஏறக்குறைய அதுதான்.

கே: கடல் காற்றில் எதிர்மின் அயனிகள் இருக்கின்றன, ஓசோன் இருக்கிறது, அதைச் சுவாசித்தால் மனச்சோர்வு பறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

ப: அயனி இருப்பது உண்மை, நீர்த்துளி உடையும் இடத்தில் காற்றில் மின்னூட்டம் உண்டாவதை பிலிப் லெனார்ட் என்ற இயற்பியலாளர் 1892லேயே எழுதிவிட்டார். ஆனால் சோதனைக்கூடத்தில் மனச்சோர்வு கொஞ்சம் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள், அதற்கென்றே செய்த கருவியிலிருந்து மிக அடர்த்தியாக அயனியை வெளியிட்டுச் செய்தவை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அதனால் தெளிவான பலன் எதுவும் இல்லை. ஓசோன் கதை விக்டோரியா காலத்துப் புரளி. நாம் "கடல் வாசனை" என்று மூக்கை விரித்து இழுப்பது பெரும்பாலும் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் நுண்பாசி மடியும்போது அதன் மிச்சத்தைப் பாக்டீரியாக்கள் தின்று வெளியேற்றுவது. இவ்வளவு கவிதையாக இழுத்துச் சுவாசிப்பது இதைத்தான் என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த வாசனை பிடிக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரே மருந்து என்று புத்தகம் எழுதினார், குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும். கூட்டம் கூட்டமாகப் போய்க் குடித்தார்கள். நல்லவேளை அப்போது வாட்ஸ்அப் இல்லை.

கே: எல்லோரும் கடலைப் பார்த்தால் சந்தோஷம் என்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் அழாதவள் அங்கே போனால் உடைந்துவிடுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?

ப: இல்லை அம்மா. நம் பழைய கவிஞர்களைக் கேட்டால் உங்களைத்தான் சரி என்பார்கள். ஐந்து திணைகளில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்கு அவர்கள் வகுத்த உரிப்பொருள் இரங்கல், பொழுது சூரியன் சாய்கிற எற்பாடு. மலைக்குக் கூடலைக் கொடுத்தவர்கள் கடலுக்கு மகிழ்ச்சியைக் கொடுக்கவில்லை. போனவன் திரும்பாத கரையில் உட்கார்ந்து ஏங்குவதைக் கொடுத்தார்கள். ரிசார்ட் விளம்பரங்கள் வந்த பிறகுதான் கடற்கரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

நான் முதல் பதிலில் சொன்னதையே திருப்பிப் பார்த்தால் இது புரியும். வீட்டில் உங்கள் கவனம் முழுக்க வேலையில் இருக்கிறது: சமையல், பிள்ளைகள், அம்மாவுக்கு மாத்திரை. எதையும் கேட்காத இடத்துக்கு வந்ததும், வரிசையில் காத்திருந்த துக்கத்துக்கு முறை வருகிறது. கடல் அதை உண்டாக்கவில்லை, வர வழி விடுகிறது. அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, பக்கத்தில் இருப்பவரும் கடலைத்தான் பார்க்கிறார், உங்களை அல்ல. அழுதுவிட்டு வாருங்கள்.

இரண்டு விஷயம் மட்டும். அழுது முடித்தபின் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தால் அது துக்கம் தன் வேலையைச் செய்கிறது. நாளாக ஆகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல், ஒவ்வொரு முறையும் இன்னும் பாரமாகத் திரும்புகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் போங்கள். எப்போதாவது தண்ணீர் கூப்பிடுகிற மாதிரி தோன்றினால், அதைக் கவிதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கே, அந்த இடத்திலிருந்தே, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாகப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: போவது காலையிலா, மாலையிலா?

ப: தூக்கம் பிரச்சினை என்றால் காலை. போன இதழில் சாயங்காலம் என்று சொன்னவன்தான் நான், ஆனால் காலைதான் மேல். கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. வேறு எதுவும் பிரச்சினை இல்லையென்றால் எப்போது வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறதோ அப்போது.

கே: நானும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. போர் அடிக்கிறது.

ப: தம்பி, கையில் போன் இருந்ததா? கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். போன வருடம் ஒரு சாயங்காலம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பதினெட்டுப் படம் எடுத்தேன், அதில் நல்லது எது என்று தேடினேன், ஒன்றை அனுப்பினேன், யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்தேன். தலையைத் தூக்கும்போது இருட்டிவிட்டது. எதுவும் கேட்காத கடலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் கேட்கிற ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தேன்.

முதல் பத்து நிமிடம் போர் அடிக்கும். அடிக்கட்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், போன் வண்டியிலேயே இருந்தால் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஒரு நண்டு வளையிலிருந்து பாதி எட்டிப் பார்த்து, நம் நிழலுக்குப் பயந்து உள்ளே போய், மறுபடி கண்ணை மட்டும் நீட்டுவதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம் என்று அடுத்து கேட்பாய். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று, 2019இல் வந்தது, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் செலவிட்டவர்கள் தாங்கள் நலமாக இருப்பதாகச் சொன்னது அதிகம் என்கிறது. ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி. கடல்தான் வேண்டும் என்றும் இல்லை.

அதற்கப்புறமும் போர் அடித்தால் உனக்கு மலை பிடிக்கும் போலிருக்கிறது. குற்றம் இல்லை.

கே: கணவருக்கு மனச்சோர்வு. கடலோரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இருக்கிற வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

ப: அவசரப்படாதீர்கள். மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மாத்திரையோ பேச்சு சிகிச்சையோ இரண்டுமோ. கடல் அந்த இடத்தில் வந்து உட்கார முடியாது, கூட நிற்கலாம். நியூசிலாந்தின் வெலிங்டனில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டுப் பகுதியிலிருந்து கடல் எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவுக்கு மன உளைச்சல் குறைவாக இருந்தது, பசுமைக்கு அப்படித் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே உலகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் கொடுத்த ஆண்டறிக்கை முழுக்கக் கடலோர ஊர்களைப் பற்றியது. அங்கே பல ஊர்களில் நோய் அதிகம், ஆயுள் குறைவு, மருத்துவர் பற்றாக்குறை. வேலை இல்லாமல், வீடு ஒழுகி, ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் ஜன்னலில் கடல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம் பழகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சில வருடம் அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் குடியிருந்தவன். முதல் மாதம் தினமும் கரைக்குப் போனேன். ஆறாவது மாதத்தில் கடல் என்றால் எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் இரும்புக் கேட்டின் கீல் துருப்பிடித்து முனகுவது, கொடியில் துணி காயாமல் பிசுபிசுப்பது, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வருகிற உப்புப் படலம். விருந்தாளி வந்தால்தான் கடல் பார்க்கப் போவோம். மூட்டையை வண்டியில் ஏற்றும்போது கவலையும் கூடவே ஏறிக்கொள்ளும், இறங்கும்போது அதுவும் இறங்கும். பழைய தெருவில் அவரைத் தெரிந்தவர்கள், காலையில் ஒரு வார்த்தை பேசுகிறவர்கள் மட்டும்தான் ஏறிக்கொள்ள மாட்டார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த இழப்பு பெரியது.

விற்க வேண்டாம். இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள், அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு. மழைக்காலத்தில் எடுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

கே: 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சித்தியை இழந்தோம். இப்போது என் மகள், ஆறு வயது, கடலைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறாள். கடல் நிம்மதி, கடல் நிம்மதி என்று நீங்களெல்லாம் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ப: கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அன்று ஒரே நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மற்றவர்கள் காதுக்குத் தாலாட்டாக இருக்கிற அதே இரைச்சல் உங்கள் உடலுக்கு அபாயச் சங்கு. ஒன்பது வயதில் உங்கள் மூளை கற்றுக்கொண்டது தப்பான பாடம் இல்லை. அன்றைக்கு அது உயிர் காத்த பாடம். இன்றைக்கும் அணையாமல் அடித்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

அணைக்க வழி இருக்கிறது, ஆனால் "ஒரு தடவை போய் நின்னுடு, சரியாயிடும்" என்று இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இதில் பயிற்சி உள்ள மனநல மருத்துவரோ உளவியலாளரோ படிப்படியாகச் செய்வார்கள். முதலில் படம். அப்புறம் மெல்லிய ஒலியில் அலைச் சத்தம். பிறகு ஒருநாள், கடல் ஒரு கோடாக மட்டும் தெரிகிற தூரத்தில், வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டு. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், உச்சத்துக்குப் போகும், ஓடாமல் இருந்தால் தானாக இறங்கும். அந்த இறக்கத்தை உடம்பு பார்க்க வேண்டும், அதுதான் புதிய பாடம். உச்சத்தில் இருக்கும்போதே ஓடிவிட்டால் பழைய பாடம் இன்னும் கெட்டிப்படும். அந்த நாள் கனவில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கரைக்குப் போவதைப் பற்றி யோசிக்கும் முன்பே அவர்களைப் பாருங்கள்.

மகள் முதலில் நீங்கள் நம்புகிற வேறொருவரோடு போகட்டும். ஏன் அம்மா வரவில்லை என்று கேட்டால் தலைவலி என்று சொல்ல வேண்டாம். "அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடல் ரொம்பப் பெரிதாக வந்தது, அதனால் அம்மாவுக்கு இன்னும் பயமாக இருக்கிறது" என்றால் ஆறு வயதுக்குப் புரியும். கூடவே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: தரை நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004இல் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி தாய்லாந்துக் கரையில் தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து கத்தியதால்தான் அந்தக் கரையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது, இன்று இருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருப்பது மகளைவிட உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் செய்த பிறகும் கடல் பிடிக்கவில்லை என்றால் பிடிக்காமலே இருக்கலாம். எனக்கு எழுதுங்கள், கோபமாகவே எழுதுங்கள்.

கே: எங்கள் ஊரிலிருந்து கடல் ஒரு நாள் பயணம். தினமும் யூடியூபில் அலைச் சத்தம் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

ப: இல்லவே இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தத்தை மூடுவதற்கு நிஜ அலை, பதிவு அலை என்று காது வித்தியாசம் பார்ப்பதில்லை. மீன்காட்சியகம் பக்கத்தில் இருந்தால் அதையும் முயற்சி செய்யலாம். இங்கிலாந்தின் பிளைமவுத்தில் உள்ள மீன்காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியைக் காலிசெய்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக மீன் விட்டபோது எதிரில் நின்றவர்களைக் கவனித்த ஆய்வில், பார்க்கிறவர்களின் இதயத்துடிப்பு இறங்கியது. மீன் கூடக் கூட ஆட்கள் நின்று பார்த்த நேரமும் கூடியது. ஆறு, ஏரி, குளம் எதுவானாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

ஒன்றே ஒன்று: நடுவில் விளம்பரம் வராத பதிவாகத் தேடிப் போடுங்கள். நாலாவது அலைக்கும் ஐந்தாவது அலைக்கும் நடுவே யாரோ வந்து "உடனடிக் கடன் வேண்டுமா?" என்று கத்தினால் வந்துகொண்டிருந்த தூக்கமும் போய்விடும்.